கூண்டு ஏறாத காலை

கடலூருக்கு முதல் சேதி காலை 6.33 மணிக்கே வந்துவிட்டது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மார்கழிப் பௌர்ணமி. சிதம்பரத்தில் திருவாதிரையை ஒட்டிய திருவிழா நாட்கள். கடலூரின் கடலோரப் பகுதியான தேவனாம்பட்டினத்தில் பொழுது அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், சுமத்திரா தீவின் வடமேற்குக் கரையருகே, மணி 6.28 ஆகி 53 நொடி கடந்தபோது கடலடிப் பாறை உடையத் தொடங்கியது. அந்த உடைப்பின் முதல் அதிர்வு பூமியின் வயிற்றுக்குள் நொடிக்கு எட்டு கிலோமீட்டர் வீதம் ஓடியது. நாலு நிமிடத்துச் சொச்சத்தில் கடலூருக்கு அடியில் வந்து தட்டிவிட்டுப் போனது.

யாரும் கதவைத் திறக்கவில்லை. மனிதக் காலுக்குத் தெரியும் தட்டல் அல்ல அது. அதற்குப் பின்னால் மெதுவாக வந்த நீண்ட அதிர்வலைகள் சென்னையின் சில அடுக்குமாடிகளில் கட்டிலையும் பாத்திரத்தையும் ஆட்டின. தூக்கம் கலைந்தவர்கள் வாசலுக்கு வந்து ஒருவரையொருவர் விசாரித்துவிட்டு மறுபடி உள்ளே போனார்கள். உலகெங்கும் நிலநடுக்கமானி இருந்த இடங்களில் எல்லாம் முள் துள்ளியது. ஆக, அன்று கருவிகளுக்குத் தெரியாமல் எதுவும் நடந்துவிடவில்லை. கருவிகளுக்குத் தெரிந்த ஒன்று தேவனாம்பட்டினத்துக்குத் தெரிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதையும் கடலே நேரில் வந்து சொல்லிற்று.

கடலைப் பற்றிய சேதி எப்படி வரும் என்பது கடலூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. துறைமுகத்தில் கூண்டு ஏறும். ஒன்றாம் எண் கூண்டு என்றால் தூரத்தில் எங்கோ புயல் சின்னம். எண் கூடக்கூட ஆபத்து நெருங்குகிறது என்று பொருள். வானொலியில் ‘கடலூர்’ என்ற பெயர் காதில் விழுந்த உடனே வலையைச் சுருட்டுவதும் படகை மேடேற்றுவதும் தலைமுறைப் பழக்கம். பத்தாம் எண் வரை எல்லாம் புயலைப் பற்றியவை. பதினொன்றாம் எண் மட்டும் வேறு சாதி. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, இனி எங்களிடமிருந்து சேதி வராது என்பதுதான் அதன் பொருள்.

அன்று காலை எந்தக் கூண்டும் ஏறவில்லை. ஏற்றியிருந்தால் பொருத்தமான எண் பதினொன்றுதான்.

*

ஒரே உடைப்பிலிருந்து மூன்று ஓட்டக்காரர்கள் புறப்பட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். முதலாமவர் பூமிக்குள் ஓடிய அதிர்வு. அவர் நாலு நிமிடத்தில் வந்துவிட்டார். இரண்டாமவர் கடல்மேல் ஓடிய அலை. மூன்றாமவர் மனிதர்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் சேதி. கம்பியிலும் காற்றிலும் ஒளியின் வேகத்தில் பாயக்கூடியவர். பந்தயத்தில் எளிதாக ஜெயித்திருக்க வேண்டியவரும் அவரே. அவர் எங்கெங்கே நின்று நின்று வந்தார் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கதை.

ஹவாயில் அப்போது டிசம்பர் 25 பிற்பகல் மூன்று மணி, கிறிஸ்துமஸ் விடுமுறை. பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையத்தில் பாரி ஹிர்ஷார்ன், ஸ்டூவர்ட் வைன்ஸ்டைன் என்ற இரண்டு புவி இயற்பியலாளர்கள் பணியில் இருந்தார்கள். எச்சரிக்கை மணி அடித்தது. கணக்குப் போட்டார்கள். நிலநடுக்கம் நடந்த 15-ஆவது நிமிடத்தில், அதாவது இந்திய நேரம் 6.44-க்கு, முதல் அறிக்கை போயிற்று: ரிக்டர் என்று நாம் பழக்கத்தில் சொல்லும் அளவில் 8.0, பசிபிக் கரைகளுக்கு ஆபத்து இல்லை.

அந்த அறிக்கையின் இரண்டாம் பகுதி முழுக்கச் சரி. பசிபிக் பெருங்கடலுக்கு உண்மையிலேயே பெரிய ஆபத்து இல்லை. அந்த மையம் பார்த்துக்கொள்ள வேண்டிய கடலும் அதுதான். இந்தியப் பெருங்கடலுக்கென்று அப்போது அப்படி ஒரு மையம் கிடையாது. இன்ன நாட்டில் இன்னாரைக் கூப்பிட வேண்டும் என்ற பட்டியலும் கிடையாது. இதைச் சொல்லி ஹவாயைத் திட்டித் தீர்த்தவர்கள் உண்டு. பக்கத்துத் தெருவில் தீப்பிடித்ததைப் பார்த்துவிட்டு யாருக்கு ஃபோன் செய்வது என்று தெரியாமல் நின்ற காவலாளியின் நிலை அந்த மையத்தினருடையது என்றுதான் இந்த நூல் கருதுகிறது.

முதல் பகுதியோ தவறு. அது எப்படிப்பட்ட தவறு என்பது கொஞ்சம் நின்று பார்க்கத்தக்கது. ஏனென்றால் மாபெரும் நிலநடுக்கங்களில், ஏறத்தாழ ஒவ்வொரு முறையும், இதே தவறு நடக்கிறது.

நிலநடுக்க அளவில் ஒரு எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். அன்றைய நிலநடுக்கம் 9.1 என்றும் 9.3 வரைகூட இருக்கலாம் என்றும் பிற்பாடு கணித்தார்கள். 8.0-க்கும் 9.1-க்கும் இடையே ஆற்றலில் நாற்பது மடங்குக்கும் மேல் வித்தியாசம். இத்தனை பெரிய வித்தியாசம் தேர்ந்த நிபுணர்களின் கண்ணுக்குத் தப்பியது எப்படி?

பெரிய நிலநடுக்கம் ஒரு நொடியில் நடந்து முடிவதில்லை என்பதுதான் காரணம். துணியைக் கிழிப்பதுபோல அது ஓரிடத்தில் தொடங்கி ஓடுகிறது. அன்று சுமத்திராவுக்கு அருகே தொடங்கிய கிழிசல் வடக்கு நோக்கி நொடிக்கு இரண்டு, மூன்று கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, நிக்கோபாரைக் கடந்து, அந்தமானின் வட முனை வரை போய் நின்றது. நீளம் 1,200 முதல் 1,300 கிலோமீட்டர். கடலூரில் ஒரு முனையை வைத்து நேர் வடக்கே கோடு இழுத்தால் மத்தியப் பிரதேசத்து ஜபல்பூர் வரை போகும். அத்தனை நீளமும் கிழிந்து முடிய எட்டிலிருந்து பத்து நிமிடம் ஆயிற்று. விரைவுக் கணக்கோ, முதலில் வந்து சேரும் அதிர்வின் தொடக்கத் துண்டை மட்டும் எடுத்து அளவைச் சொல்கிறது. வீராணம் ஏரிக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்பதை வடவாற்றில் முதலில் தெரியும் நுரையை வைத்துச் சொல்வதுபோல.

இன்னொரு காரணமும் உண்டு. பெரிய கோயில் மணியை அடித்தால் முதலில் காதில் விழுவது உலோகத்தின் ‘டங்’. மணியின் பெருமை அதில் இல்லை. பிறகு நெடுநேரம் நீடிக்கும் ரீங்காரத்தில் இருக்கிறது. மாபெரும் நிலநடுக்கத்தின் ஆற்றலும் அப்படித்தான், நூற்றுக்கணக்கான நொடிகளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் மிக மெதுவான அதிர்வுகளில் பொதிந்திருக்கிறது. அதை அளக்க அது முழுதாக வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் துல்லியம், காத்திருக்காவிட்டால் வேகம்.

7.34 மணிக்கு ஹவாய் மையம் இரண்டாம் அறிக்கையை வெளியிட்டது: 8.5. நிலநடுக்க மையத்துக்கு அருகே சுனாமி எழுந்திருக்கக்கூடும் என்ற வரியும் அதில் இருந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் மெதுவான அதிர்வுகளைக் கொண்டு கணித்த 8.9 என்ற எண் வந்தபோது இந்தியாவில் மணி 11.15. அதற்குள் தமிழகக் கரையில் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

*

இரண்டாவது ஓட்டக்காரரை இப்போது பார்க்கலாம். கடலடித் தட்டு மேலெழுந்தபோது அதன்மேல் நின்ற தண்ணீரும் அடியோடு எழுந்தது. காற்று கிளப்பும் அலை மேற்பரப்பை மட்டும் சுருக்கும். சுனாமியில் மேலிருந்து தரைவரை மொத்தக் கடலும் நகர்கிறது. அதன் வேகத்தைச் சொல்ல ஒரு பள்ளிக்கூடச் சூத்திரம் போதும். கடலின் ஆழத்தை மீட்டரில் எடுத்து, புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் கண்டால் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று விடை வரும். வங்கக் கடலின் நடுவே 3,500 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு 660 கிலோமீட்டருக்கு மேல். ஏறத்தாழ ஒரு பயணிகள் விமானம். கரையருகே பத்து மீட்டர் ஆழத்தில் மணிக்கு 36 கிலோமீட்டர், டவுன் பஸ். பின்னால் வரும் தண்ணீர் இன்னும் விமான வேகத்திலும் முன்னால் போவது பஸ் வேகத்திலும் இருந்தால் என்ன ஆகும்? குவியும், உயரும்.

நடுக்கடலில் அந்த உயரம் அற்பம். நிலநடுக்கம் நடந்து இரண்டு மணி நேரம் கழித்து, ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள் தற்செயலாக வங்கக் கடலின் மேலாகப் போனது. கடல்மட்டத்தை ரேடாரால் அளப்பதுதான் அதன் வேலை. அது பதிவு செய்த அலையின் உயரம் சுமார் 60 சென்டிமீட்டர். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்தில் பரந்து கிடக்கும் 60 சென்டிமீட்டர் மேட்டை, மேலே படகில் இருப்பவர் உணரவே முடியாது. செயற்கைக்கோள் பார்த்தது என்னவோ உண்மை. ஆனால் அந்தப் பதிவு தரைக்கு வந்து, கணினியில் ஏறி, மனிதர் கண்ணில் பட்டது பல மணி நேரம் கழித்துத்தான்.

கிழிசல் தெற்கு வடக்காக நீண்டிருந்ததால் அலையின் வலு கிழக்கிலும் மேற்கிலும் பாய்ந்தது. கிழக்கே தாய்லாந்து, மேற்கே இலங்கையும் தமிழகமும். கிழிசலின் வட முனைக்கு நேரே இருந்த வங்கதேசம் ஏறக்குறையத் தப்பித்தது. கடலூருக்கு எதிரே நின்றது சுமத்திரா அல்ல, நிக்கோபார். அங்கிருந்து தூரம் சுமார் 1,450 கிலோமீட்டர். மேலே சொன்ன சூத்திரத்தில் போட்டால் இரண்டு மணி, பத்து நிமிடம் வரும்.

காலை எட்டரை தாண்டியபோது அலை கடலூர் மாவட்டக் கரையைத் தொட்டது.

தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் ஞாயிறு என்பதால் நடக்க வந்தவர்கள் இருந்தார்கள். கிரிக்கெட் ஆடிய பிள்ளைகள் இருந்தார்கள். தெற்கே சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு, அக்கரைக்கோரி ஆகியவை ஒருபுறம் கடலும் மறுபுறம் உப்பனாறுமாக நடுவில் மாட்டிய ஊர்கள். இன்னும் தெற்கே சாமியார்பேட்டை, பரங்கிப்பேட்டை, கிள்ளை, பிச்சாவரத்துக்கு முன்னால் கடலோரத்தில் கிடந்த எம்.ஜி.ஆர். திட்டு. முகத்துவாரங்கள் வழியாகத் தண்ணீர் ஆறுகளுக்குள்ளும் ஏறியது. ஒரு அலையோடு நிற்கவில்லை. அலைகளுக்கு நடுவே கடல் உள்வாங்கித் தரை தெரிந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேல். தமிழகம் முழுவதும் சுமார் எட்டாயிரம். (பிச்சாவரத்து அலையாத்திக் காடு எந்த ஊரைக் காத்தது, எவ்வளவு காத்தது என்பதில் ஆய்வாளர்கள் பின்னாளில் நடத்திய சண்டை பெரியது. அதற்குத் தனி அத்தியாயம் வேண்டும்.)

அன்று கரையில் எழுந்த கூச்சலில் ‘சுனாமி’ என்ற சொல் இல்லை. கடல் பொங்கிவிட்டது, கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்றுதான் ஓடினார்கள். தமிழில் ‘கடல்கோள்’ என்று ஒரு பழஞ்சொல் உண்டு. ஆனால் அது இலக்கிய வகுப்பில் வாழ்ந்தது, கரையில் வாழவில்லை. சுமத்திராவை ஒட்டிய சிமியுலூ தீவில் நிலைமை வேறு. 1907-இல் ஒரு நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்து பேரலையும் வந்து அந்தத் தீவை அழித்தன. அதற்கு அவர்கள் மொழியில் ‘ஸ்மோங்’ என்று பெயர். பாட்டிகள் அதைத் தாலாட்டாகவும் கதையாகவும் சொல்லிக்கொண்டே வந்தார்கள்: நிலம் பலமாக ஆடினால், கடல் பின்வாங்கினால், மலைக்கு ஓடு. 2004-இல் உடைப்புக்கு மிக அருகில் இருந்த ஊர் அதுதான். சுமார் 78,000 பேர் கொண்ட அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்.

சிமியுலூவுக்கு நிலம் ஆடியதே சேதி. கடலூரில் நிலம் ஆடவில்லை. தூரத்தில் இருப்பவனுக்கு யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

*

மூன்றாவது ஓட்டக்காரர் அன்று எங்கெல்லாம் தங்கினார்?

கார் நிக்கோபாரில் இந்திய விமானப்படைத் தளம் இருந்தது. அலை அங்கே கடலூருக்கு வெகு முன்பே போய்ச் சேர்ந்தது. தீவு மூழ்குகிறது, எங்கும் தண்ணீர் என்று தளத்திலிருந்து கடைசியாக ஒரு வானொலிச் சேதி வந்ததாக, அப்போதைய விமானப்படைத் தளபதி எஸ். கிருஷ்ணசாமி பிறகு செய்தியாளர்களிடம் சொன்னார். அந்தத் தளத்தில் வீரர்களும் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தச் சேதி பெருநிலத்தை எட்டியபோது எட்டு மணியை ஒட்டி இருக்கும். கடலூருக்கு இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் பாக்கி. ஆனால் ஒரு படைத்தளம் தண்ணீரில் மூழ்குகிறது என்ற தகவலிலிருந்து, அதே தண்ணீர் அடுத்து எங்கே போகும் என்ற கேள்விக்குத் தாவ அன்றைக்கு யாருக்கும் பயிற்சி இல்லை.

தில்லியில் நடந்ததைச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வானிலை ஆய்வுத் துறை 8.54 மணிக்கு அனுப்பிய தொலைநகல், துறையின் அமைச்சருக்குப் பதிலாக முன்னாள் அமைச்சரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததாக நாளேடுகள் எழுதின. ஆட்சி மாறி ஏழு மாதம் ஆகியிருந்தது, எண் மாறவில்லை.

ஹவாயிலோ இதைவிடக் கசப்பான ஒன்று நடந்தது. உலகின் மிகச் சிறந்த சுனாமி நிபுணர்களில் இருவர், கொலைகார அலை ஒன்று எழுந்துவிட்டது என்பதை எப்படித் தெரிந்துகொண்டார்கள்? நம் எல்லோரையும் போலத்தான். இந்திய நேரம் ஒன்பது மணி அளவில், இலங்கையில் உயிர்ச்சேதம் என்று இணையத்தில் வந்த செய்தியைப் படித்து. இந்தியப் பெருங்கடலில் அவர்களுக்கு உடனுக்குடன் தகவல் தரும் கடல்மட்ட அளவிகள் அப்போது அநேகமாக இல்லை. அலை போய்த் தாக்கிய பிறகே சேதி திரும்பி வந்தது.

ஆனால் ஓரிடத்தில் மூன்றாவது ஓட்டக்காரர் முந்திவிட்டார். அதுவும் கடலூருக்கு மிக அருகில்.

கடலூருக்கு வடக்கே சில கிலோமீட்டரில், புதுச்சேரி எல்லைக்குள், நல்லவாடு என்ற மீனவ ஊர் இருக்கிறது. அவ்வூர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். கடல் கொந்தளித்து வரும் செய்தியை அங்கே அறிந்தவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். உடனே ஊரைக் காலி செய்யுங்கள் என்றார். நல்லவாட்டில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய கிராம அறிவு மையம் இருந்தது. அலையின் உயரம், காற்று, மீன் விலை எல்லாம் அங்கிருந்து ஒலிபெருக்கியில் தினமும் ஊருக்குச் சொல்லப்படும். அந்த ஒலிபெருக்கியில் இந்தச் சேதியும் போயிற்று. மூவாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட மக்கள் கிளம்பிவிட்டார்கள். சுமார் 150 வீடுகளும் 200 படகுகளும் போயின. உயிர் ஒன்றும் போகவில்லை.

இந்தக் கதையைத் தொழில்நுட்பத்தின் வெற்றி என்று சொல்வது வழக்கம். அதில் பாதிதான் உண்மை. தொலைபேசியும் ஒலிபெருக்கியும் கரையோரத்தில் வேறு ஊர்களிலும் இருந்தன. நல்லவாட்டில் கூடுதலாக இருந்தவை இரண்டு. ஒன்று, பேசியவர் ஊர்ப்பிள்ளை. அவர் குரலைச் சந்தேகிக்க ஆள் இல்லை. இரண்டு, அந்த ஒலிபெருக்கி தினமும் கடலைப் பற்றியே பேசிப் பழகியிருந்தது. கல்யாணத்துக்கும் தேர்தலுக்கும் மட்டும் கத்தும் ஒலிபெருக்கி அன்று ஓடச் சொல்லியிருந்தால், எத்தனை பேர் ஓடியிருப்பார்கள்?

இதற்கு நேர்மாறான ஒன்று இலங்கையில் நடந்தது. கிழக்குக் கரையை அலை அடித்த பிறகும், தென்மேற்குக் கரையோரமாகப் போய்க்கொண்டிருந்த ‘சமுத்திரதேவி’ ரயிலைச் சேதி எட்டிப் பிடிக்கவில்லை. பெரேலிய என்ற ஊரில் அலை அதைப் புரட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உலக ரயில்வே வரலாற்றின் மிகப் பெரிய விபத்து அதுதான். கேரளத்திலும் அப்படியே. அலை இலங்கையைச் சுற்றி வளைந்து ஆலப்பாட்டையும் ஆறாட்டுப்புழாவையும் அடைந்தபோது, சென்னைக் கடற்கரை ஏற்கெனவே தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. இருந்தும் கேரளத்தில் 170-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அரபிக் கடல் பக்கம் அது வரும் என்று யார் நினைத்தார்கள்? சோமாலியாவுக்கு அலை போய்ச் சேர ஏழு மணி நேரம் ஆயிற்று. அத்தனை அவகாசம் இருந்தும் அங்கே முந்நூறு பேர் அளவில் இறந்தார்கள். பக்கத்து நாடான கென்யாவில், வரும் செய்திகளைப் பார்த்து அதிகாரிகள் கடற்கரைகளைக் காலி செய்தார்கள். அங்கே இறந்தவர் ஒருவர்.

வங்கக் கடலில் சுனாமி வந்ததே இல்லை என்பது 2004 வரை பலருடைய நம்பிக்கை. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே ஒரு நிலநடுக்கம் நடந்து, அதன் சிறு சுனாமி நாகப்பட்டினம் உள்ளிட்ட துறைமுகங்களின் ஓதமானித் தாள்களில் பதிவாகியிருந்தது. அந்தப் பழைய கோடுகளை எடுத்து, ஆர்டிஸ், பில்ஹாம் என்ற இரு ஆய்வாளர்கள் உடைப்பின் அளவைக் கணக்கிட்டுக் கட்டுரை எழுதினார்கள். அது வெளியான ஆண்டு 2003.

*

2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை. இந்திய நேரம் முற்பகல் 11.16. இந்த முறை ஜப்பான்.

பிற்பகலில் தமிழ்த் தொலைக்காட்சிகள் அனைத்திலும் ஒரே காட்சி. ஜப்பானிய ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் ஹெலிகாப்டர் மேலிருந்து காட்டியது: செந்தாய் சமவெளியில் கறுப்புத் தண்ணீர் வயல்களை விழுங்கிக்கொண்டு போகிறது, அதன் முன்னால் சாலையில் கார்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆறு ஆண்டுகளுக்கு முன் தங்கள் ஊருக்குள் வந்ததன் மொத்த உருவம் எப்படி இருந்திருக்கும் என்பதைக் கடலூர்க் கரைவாசிகள் முதன்முதலாக மேலிருந்து பார்த்தது அன்றுதான் என்று சொல்லலாம். 2004-இல் அலை வருமுன் யாரும் அதைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. இப்போது அலை அடிக்கும்போதே உலகம் பார்த்துக்கொண்டிருந்தது.

உலகிலேயே அதிகம் தயாராக இருந்த நாடு அது. ஜப்பான் வானிலை முகமை மூன்றே நிமிடத்தில் சுனாமி எச்சரிக்கை விட்டது. அத்தனை வேகத்துக்குக் கொடுத்த விலை பழைய விலைதான்: முதல் கணக்கில் நிலநடுக்கத்தின் அளவு 7.9. உண்மையில் அது 9.0. முதல் அளவை வைத்து, இவாத்தே, ஃபுக்குஷிமா கரைகளுக்கு மூன்று மீட்டர் அலை, மியாகிக்கு ஆறு மீட்டர் என்று அறிவித்தார்கள். ஐந்து மீட்டர், பத்து மீட்டர் என்று கடல்சுவர் கட்டி வைத்திருந்த ஊர்களில் ‘மூன்று மீட்டர்தானே’ என்று தங்கியவர்கள் உண்டு. 28 நிமிடம் கழித்து எண்ணை உயர்த்தினார்கள். அதற்குள் பல ஊர்களில் மின்சாரம் போய்விட்டது. இறந்தவர்கள் சுமார் 15,900 பேர். காணாமற்போனவர்கள் சுமார் 2,500 பேர்.

இதிலிருந்து ஜப்பான் கற்றுக்கொண்டது வியப்பானது. அவர்கள் முதல் அறிக்கையிலிருந்து எண்ணையே எடுத்துவிட்டார்கள். 2013 முதல், நிலநடுக்கம் மிகப் பெரியது என்ற சந்தேகம் வந்தால், அலை இத்தனை மீட்டர் என்று சொல்வதில்லை. ‘மாபெரும்’ என்ற ஒரு சொல் மட்டும். சரியான எண் கிடைத்த பிறகு எண். கூண்டு எண்களில் வளர்ந்த கடலூருக்கு இது விநோதமாகப் படலாம். புயலைப் பற்றி நாட்கணக்கில் கணித்து எண்ணைச் சொல்ல முடியும். மூன்று நிமிடத்தில் சொல்லும் எண் அநேகமாகக் குறைவாகவே இருக்கும்.

மெதுவான அதிர்வுகளை விரைவாகப் படிக்கவும் வழி பிறந்திருக்கிறது. ஹிரூ கனமோரி என்ற நிலநடுக்கவியலாளர் அடையாளம் கண்ட ‘டபிள்யூ’ வகை அலையைக் கொண்டு, இருபது நிமிட அளவில் உண்மையான எண்ணை நெருங்கிவிட முடிகிறது. அதன் பிறகும் முதல் எண் சிறிதாக வருவது நின்றபாடில்லை. 2025 ஜூலை 30, இந்திய நேரம் அதிகாலையில் ரஷ்யாவின் கம்சட்கா அருகே நிலம் அதிர்ந்தபோது, அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் முதல் எண் 8.0. அது 8.7 ஆகி, 8.8-இல் நின்றது.

*

இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபர் 15 முதல் ஹைதராபாத்தில், இன்காய்ஸ் எனப்படும் கடல் தகவல் சேவை மையத்தில் இயங்குகிறது. நிலநடுக்கமானிகள் மட்டும் போதாது என்பது 2004-இன் பாடம் என்பதால், கடலுக்கு அடியிலும் காது வைத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில், கடல் தரையில் ஓர் அழுத்தமானி. தன் தலைமேல் நிற்கும் தண்ணீர் சில சென்டிமீட்டர் உயர்ந்தாலும் அதற்குத் தெரியும். அது ஒலியால் மேலே மிதக்கும் மிதவைக்குச் சொல்லும். மிதவை செயற்கைக்கோளுக்குச் சொல்லும். மீன்கள் நிழல் தேடி மிதவையடியில் கூடுவதால் படகுகளும் அங்கே கூடுகின்றன. மிதவையில் கயிறு கட்டுவதும் பாகங்கள் காணாமற்போவதும் உலகமெங்கும் இந்த அமைப்புகளின் தீராத தலைவலி.

இந்த ஏற்பாட்டுக்கு 2012 ஏப்ரல் 11, புதன்கிழமை, பிற்பகல் 2.08 மணிக்குச் சோதனை வந்தது. அதே சுமத்திரா. அளவு 8.6. சென்னையில் அலுவலகங்களிலிருந்து மக்கள் படியிறங்கி ஓடி வந்தார்கள். சில நிமிடங்களில் இன்காய்ஸ் அறிக்கை வந்தது: நிக்கோபாரின் சில பகுதிகளுக்கு உச்ச எச்சரிக்கை, தமிழகக் கரை உள்ளிட்டவற்றுக்கு அதற்கு அடுத்த நிலை. கடலூர், நாகை கரையோர ஊர்களில் மக்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு மேட்டுக்குக் கிளம்பினார்கள். மாலை நாலேகாலுக்குள் 8.2 அளவில் இன்னொன்று. பெரிய அலை வரவில்லை. சுமத்திராவின் மேலாபோவில் ஏறிய ஒரு மீட்டர்தான் அன்றைய உச்சம்.

2004-இல் ஒரு பாறைத்தட்டு இன்னொன்றின் கீழே செருகும் இடத்தில் உடைப்பு நடந்தது. தரை மேலெழுந்து கடலைத் தூக்கியது. 2012-இல் உடைந்தது அதற்கு மேற்கே, தட்டின் நடுவில். பாறைகள் கதவு நகர்வதுபோலப் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. கடலைத் தூக்க ஆளில்லை. நிலநடுக்கத்தின் எண்ணைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஆழ்கடல் அழுத்தமானிகள் சொல்லின. அவற்றில் பெரிய அசைவு இல்லாததைப் பார்த்தபின் எச்சரிக்கையைத் தளர்த்தி, சில மணி நேரத்தில் விலக்கிக்கொண்டார்கள்.

அன்று ஓடியவர்களில் சிலர் வீணாக ஓடினோம் என்று முணுமுணுத்திருக்கலாம். ஒன்றை மட்டும் குறித்துவைக்க வேண்டும்: 2004-இல் அவர்களுக்குக் கிடைக்காத இரண்டு மணி நேரம் 2012-இல் கையில் கிடைத்தது.

இனி இந்த அத்தியாயத்தின் முதல் வரியைத் திருத்த வேண்டியிருக்கிறது. பூமிக்குள் ஓடும் அதிர்வுதான் தூரத்துக்கு முதலில் வரும் சேதி என்று சமீபம்வரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். பெரும் நிலநடுக்கத்தில் கோடானு கோடி டன் பாறை இடம் மாறுகிறது. பாறை இடம் மாறினால் அதன் ஈர்ப்பும் மாறும். ஈர்ப்பின் மாற்றம் ஒளியின் வேகத்தில் பரவுகிறது. பாரிஸ் புவி இயற்பியல் நிறுவனத்தின் மார்ட்டின் வலேயும் குழுவினரும் 2011 ஜப்பான் நிலநடுக்கத்தின் பழைய பதிவுகளைக் கிளறி, முதல் அதிர்வு வந்து சேருவதற்கு முந்தைய நிமிடங்களில் அந்த மாற்றம் ஒளிந்திருப்பதை 2017-இல் காட்டினார்கள். அதன் அளவு, நாம் உணரும் ஈர்ப்பில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. ஆனால் உடைப்பு எவ்வளவு பெரியது என்பதை அது தொடக்கத்திலேயே ஓரளவு சொல்லிவிடுகிறது. அதைப் பிடிக்க ஏற்ற தூரம் ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர். சுமத்திராவிலிருந்து கடலூர் இருக்கும் தூரம். அப்படியானால் அந்த ஞாயிற்றுக்கிழமை கடலூருக்கு முதல் சேதி 6.33-க்கு வரவில்லை. 6.29-லிருந்தே, ஒவ்வொரு நொடியும், வந்துகொண்டே இருந்திருக்கிறது.